மிடி சுர உள்ளீடும் கமகப் பதிவும்: கர்நாடக இசையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கணினியில் இசையை உள்ளிடுவதற்கு இன்று உலகெங்கும் வழங்கும் பொது மொழி மிடி. 1983இல் விசைப்பலகைக் கருவிகளை இணைப்பதற்காக உருவான இத்தரம், ஒரு சுரத்தை ஒரு விசையின் எண்ணாகவே முதன்மையாகப் பதிகிறது. கர்நாடக இசையில் சுரம் பெரும்பாலும் ஓர் அசைவாக ஒலிப்பதால், சுர எண்களை மட்டும் கொண்ட மிடிக் கோப்பு இராகத்தின் அடையாளத்தை இழக்க நேர்கிறது. ஒலிக்கூட மென்பொருளில் சுரங்களை உள்ளிடும் வழிகள், சுருதி, தாளம், கமகம் ஆகியவற்றைப் பதிவதில் எழும் சிக்கல்கள், அவற்றைத் தீர்க்கும் கணக்குகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. ஆவணப்படுத்தலுக்கும் ஆய்வுக்கும் உருவாக்கப்படும் மிடிக் கோப்புகளில் இடம்பெற வேண்டிய நான்கு அடுக்குகளையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: மிடி, சுர உள்ளீடு, கமகம், பிட்ச் பெண்ட், சுரக்குறிப்பு, சங்கீத சம்பிரதாய பிரதர்சினி, சென்னை.

1. முன்னுரை

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய சென்னையின் தென்பகுதியும் நடுப்பகுதியும் இரண்டு இசை மரபுகள் அருகருகே வாழும் நிலப்பரப்பாகும். மார்கழியில் சபாக்களில் நிகழும் கச்சேரி மரபு ஒன்று. தியாகராய நகரை ஒட்டிய கோடம்பாக்கத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த திரையிசை ஒலிப்பதிவு மரபு மற்றொன்று. 1992இல் வெளிவந்த 'ரோஜா' திரைப்படத்தின் இசை, ஏ.ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் அமைத்த பஞ்சதன் ஒலிக்கூடத்தில் உருவானது. அதற்குப் பின்னர், கணினியில் சுரங்களை அடுக்கி இசையமைக்கும் முறை சிறு ஒலிக்கூடங்களுக்கும் வீடுகளுக்கும் பரவியது.

இப்பரவலின் விளைவாக, வர்ணங்கள், கீர்த்தனைகள், சுரப் பயிற்சிகள் ஆகியவையும் மிடிக் கோப்புகளாக உருவாக்கப்படுகின்றன. பாடம் சொல்லவும், பின்னணி இசை அமைக்கவும், கணினி ஆய்வுக்கான தரவாகவும் இவை பயன்படுகின்றன. இக்கோப்புகள் இராகத்தைப் பதிகின்றனவா, இராகத்தின் சுர வரிசையை மட்டும் பதிகின்றனவா என்பது இசைத்தமிழ் ஆய்வாளர் கருத்தில் கொள்ள வேண்டிய வினாவாகும். நிகழ்த்துகலைத் தரவுகள் கணினிவழி எண்ணிக்கை ஆய்வுகளுக்கு உட்படும் காலத்தில், தரவின் குறை ஆய்வு முடிவின் குறையாக மாறும்.

2. சுரத்தை எழுதுதல்: முன்னோடி முயற்சிகள்

ஒலிக்கும் இசையைக் குறியீட்டில் அடக்கும் சிக்கல் கணினியோடு தோன்றியதன்று. புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள குடுமியான்மலையில், ஏழாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு ஒவ்வொரு சுரத்தையும் அ, இ, உ, எ என்னும் நான்கு உயிர்களோடு சேர்த்து எழுதுகிறது. இவ்வுயிர் வேறுபாடுகள் எதைச் சுட்டுகின்றன என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஏழு எழுத்துகள் போதா என்று அக்கல்வெட்டை அமைத்தோர் கருதினர் என்பது மட்டும் தெளிவு.

சென்னையில் இச்சிக்கலை நேரடியாக எதிர்கொண்டவர் ஏ.எம். சின்னசாமி முதலியார். அவர் 1893இல் கர்நாடக இசை உருப்படிகளை ஐரோப்பியக் கோட்டுக் குறிமுறையில் வெளியிட்டார். வேற்று மரபின் கருவிக்காக உருவான குறிமுறையில் நம் இசையைப் பொருத்தும் முயற்சி என்னும் வகையில், இன்றைய மிடி உள்ளீட்டுக்கு மிக நெருங்கிய முன்னோடி இதுவே எனலாம்.

சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்திலிருந்து தெலுங்கு எழுத்தில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வேறொரு வழியைக் கையாண்டது. சுர எழுத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு, கம்பிதம், ஸ்புரிதம், பிரத்யாகதம், நொக்கு, ரவை, கண்டிப்பு, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு, ஒதுக்கல், ஓரிகை முதலிய கமகங்களுக்குத் தனித்தனிக் குறியீடுகளைச் சுரங்களோடு சேர்த்து இட்டது. இந்நூலைப் பின்னர்ச் சென்னை மியூசிக் அகாதெமி தமிழ் எழுத்தில் வெளியிட்டது. சுரம் ஓர் அடுக்கு, கமகம் மற்றோர் அடுக்கு என்று பிரித்து எழுதும் இந்நெறி, பின்னர் விளக்கப்படவுள்ளவாறு, மிடிக் கோப்புக்கும் பொருந்துகிறது.

3. மிடி எதைப் பதிகிறது

மிடி ஒலியைப் பதிவதில்லை. வாசிப்புக்கான கட்டளைகளைப் பதிகிறது. ஒரு சுரம் உள்ளிடப்படும்போது நான்கு செய்திகள் பதிவாகின்றன. முதலாவது விசை எண். 0 முதல் 127 வரையுள்ள இவ்வெண்களில் 60 என்பது பியானோவின் நடு ஸ்தாயி 'சி'யைக் குறிக்கும். இரண்டாவது, விசை அழுத்தப்படும் காலம். மூன்றாவது, விசை விடப்படும் காலம். நான்காவது, வெலாசிட்டி எனப்படும் அழுத்த விசை. இது 1 முதல் 127 வரை அமையும்.

அடுத்தடுத்த இரண்டு விசை எண்களுக்கு இடையேயுள்ள தொலைவு ஓர் அரைச்சுரம். இது 100 சென்ட் எனக் கணக்கிடப்படுகிறது; ஒரு ஸ்தாயி 1200 சென்ட். இச்சம அளவுப் பகுப்பு கர்நாடக இசையின் சுரத்தானங்களோடு முழுமையாக ஒத்துப்போவதில்லை. சான்றாக, அந்தர காந்தாரத்தை 5/4 என்னும் விகிதத்தில் கொண்டால் அது ஏறத்தாழ 386 சென்டில் நிற்கும். மிடி அதனை 400 சென்டில் நிறுத்தும். ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகர'த்தில் ஸ்தாயியை 24 சுருதிகளாகப் பகுத்து விவாதித்தது முதல், சுருதிகளின் எண்ணிக்கை பற்றிய விவாதம் தமிழிசை ஆய்வில் நெடிது நிகழ்ந்துள்ளது.

எனினும் மிடி உள்ளீட்டில் பெருஞ்சிக்கல் சுரத்தானத்தின் அளவு பற்றியதன்று. ஒவ்வொரு விசையின் சுருதியையும் சில சென்டுகள் மாற்றியமைக்கும் வசதி இன்றைய மென்பொருள்கள் பலவற்றில் உண்டு. அவ்வாறு மாற்றிய பின்னரும் சுரம் ஓரிடத்தில் அசையாது நிற்கும். கர்நாடக இசையில் பல சுரங்கள் நிற்பதே இல்லை என்பதுதான் சிக்கலின் வேர்.

4. உள்ளீட்டு வழிகள்

ஒலிக்கூட வழக்கில் 'டா' என்று சுருக்கமாக வழங்கும் இசைப்பதிவு மென்பொருள்களில் சுரங்களை உள்ளிட நான்கு வழிகள் உள்ளன.

முதல்வழி, பியானோ ரோல் எனப்படும் கட்டத்தில் சுட்டியால் வரைதல். கட்டத்தின் செங்குத்து அச்சு சுரத்தையும் கிடை அச்சு காலத்தையும் குறிக்கும். சுரம் ஒரு நீள்பட்டையாகத் தோன்றும். பட்டையின் நீளமே சுரத்தின் கால அளவு.

இரண்டாம்வழி, படிமுறை உள்ளீடு. கால அளவை முன்னரே தேர்ந்துகொண்டு ஒவ்வொரு விசையாக அழுத்தினால், சுரங்கள் வரிசையாகப் பதிவாகும். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் போன்ற சம அளவுப் பயிற்சிகளுக்கு இது மிகவும் ஏற்றது.

மூன்றாம்வழி, தாளக் கணக்கொலியோடு விசைப்பலகையை வாசித்து நேரடியாகப் பதிதல். வாசிப்பில் நேரும் காலப் பிறழ்வுகளைக் கட்டத்தோடு ஒட்டவைக்கும் வசதி குவாண்டைஸ் எனப்படும். சமத்திலிருந்து சற்றே தள்ளி எடுக்கும் அழகையும் இது பிறழ்வாகவே கொண்டு திருத்திவிடும். ஆதலின் கர்நாடக இசைப் பதிவில் இதனை அளவோடு கையாள வேண்டும்.

நான்காம்வழி, பாடிய அல்லது வாசித்த ஒலிப்பதிவை மென்பொருளே ஆராய்ந்து மிடியாக மாற்றுதல். கமகம் மிகுந்த இசையில் இது தடுமாறுகிறது. ஓர் அசைவின் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் தனித்தனிச் சுரங்களாகக் கொண்டு, ஒரு காந்தாரம் ஒலிக்கும் இடத்தில் ரிஷபமும் மத்திமமும் மாறிமாறி வருவதாகப் பதிந்துவிடுவதுண்டு.

5. சுருதியையும் தாளத்தையும் அமைத்தல்

5.1 சுருதி

கட்டைக் கணக்கை விசை எண்ணாக மாற்றுவது முதற்பணி. ஒரு கட்டைக்கு ஆதார சட்ஜம் 'சி'. விசை எண் 60. இரண்டு கட்டைக்கு 62, ஐந்து கட்டைக்கு 67, ஐந்தரைக் கட்டைக்கு 68. கீழ் ஸ்தாயி வேண்டின் 12ஐக் கழித்தல் வேண்டும். ஒரு கட்டைச் சுருதியில் மாயாமாளவகௌளையின் ஆரோகணம் 60, 61, 64, 65, 67, 68, 71, 72 என அமையும். எந்தக் கட்டையிலும் சட்ஜத்திலிருந்து எண்ணும் இடைவெளிகள் 0, 1, 4, 5, 7, 8, 11, 12 என மாறாதிருப்பதால், ஆய்வுக்கு விசை எண்ணைவிட இவ்விடைவெளி எண்ணே பயன் தரும். ஆதார சுருதி எதுவெனக் கோப்பில் குறிக்கப்படாவிடின் இவ்விடைவெளியைக் கணக்கிட இயலாது.

5.2 தாளம்

ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களை எட்டு அடிகள் கொண்ட ஓர் அளவாகவோ நான்கு அடிகள் கொண்ட இரண்டு அளவுகளாகவோ அமைக்கலாம். முன்னதே ஆவர்த்தனத்தைக் காட்டும். மிச்ர சாபுக்கு 7/8, கண்ட சாபுக்கு 5/8 என அமைப்பது வழக்கம். சமத்துக்கு அரை அட்சரம் தள்ளி எடுக்கும் உருப்படியில் முதல் சுரத்தை அளவின் தொடக்கத்தில் வைக்காமல், அரை அட்சர வெற்றிடம் விட்டே வைக்க வேண்டும். அவ்வாறன்றி வைத்தால் எடுப்பு மறைந்து, உருப்படி சமத்தில் தொடங்குவதுபோல் ஆகிவிடும்.

நடைகளைப் பதிவதில் நுண்ணிய கணக்கு ஒன்று உண்டு. மிடி ஓர் அடியை டிக் எனப்படும் சிறு அலகுகளாகப் பகுக்கிறது. 480, 960 ஆகிய பகுப்புகள் பரவலாக வழங்குகின்றன. 960ஐச் சதுச்ரத்துக்கு 4ஆல் வகுத்தால் 240, திச்ரத்துக்கு 320, கண்டத்துக்கு 192. மிச்ரத்துக்கு 7ஆல் வகுத்தால் 137.14, சங்கீர்ணத்துக்கு 9ஆல் வகுத்தால் 106.67 என முழு எண் கிட்டாது. மிச்ர நடையில் ஒவ்வொரு மாத்திரைக்கும் 137 டிக் எனக் கால அளவைத் தட்டச்சு செய்தால், ஓர் அட்சரத்துக்கு 959 டிக்குகளே ஆகும். எட்டு அட்சர ஆவர்த்தனத்துக்கு 8 டிக் குறையும். ஓர் அட்சரம் ஒரு நொடி எனக் கொண்டால், பதினாறு ஆவர்த்தனங்களில் இக்குறை 133 மில்லிநொடியாகப் பெருகித் தாளத்தோடு மோதும். ஒவ்வோர் அட்சரத்தின் தொடக்கத்தையும் கட்டத்தோடு பொருத்தி உள்ளிட்டால் இப்பிழை சேராது.

ஐந்து நடைகளையும் இரண்டு காலங்களில் முழு எண்ணாகப் பகுக்க 8, 6, 10, 14, 18 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு வேண்டும், அது 2520. கோப்பை நிரல்வழி உருவாக்கும் ஆய்வாளர் இப்பகுப்பைத் தேர்ந்துகொள்ளலாம். மிடிக் கோப்புத் தரம் இதற்கு இடம் தருகிறது.

6. ஆரபியும் தேவகாந்தாரியும்: சுர எண் போதாமை

சுர எண்களை மட்டும் பதிவதன் எல்லையை உணர்த்த ஆரபி, தேவகாந்தாரி என்னும் இரண்டு இராகங்கள் சிறந்த சான்றாகும். இரண்டும் சங்கராபரண மேளத்தில் பிறந்தவை. இரண்டுக்கும் ஆரோகணம் ச ரி ம ப த ச. அவரோகணம் ச நி த ப ம க ரி ச. ஒரு கட்டைச் சுருதியில் இரண்டின் ஆரோகணமும் 60, 62, 65, 67, 69, 72. அவரோகணமும் 72, 71, 69, 67, 65, 64, 62, 60. கோப்பில் இவ்விரு இராகங்களும் ஒன்றே.

பாடும்போதோ எவரும் இவற்றை மயங்குவதில்லை. தேவகாந்தாரி நீண்ட சுரங்களையும் விளம்பமான அசைவுகளையும் கொண்டு தவழ்ந்து செல்லும். ஆரபி நேரான, விரைவான சஞ்சாரங்களால் எழுச்சியோடு நடக்கும். உருப்படி முழுவதும் உள்ளிடப்பட்டால் சுர நீளங்களும் பிடிகளும் ஓரளவு வேறுபாட்டைக் காட்டக்கூடும். இராகத்தைச் செவிக்கு உறுதிப்படுத்தும் கமகம் மட்டும் கோப்பில் இராது.

டி.எம். கிருஷ்ணாவும் விக்னேஷ் ஈஸ்வரும் 2012இல் அளித்த கட்டுரை, கர்நாடக இசையில் சுரம், கமகம், பிடி, இராக அடையாளம் ஆகியவை ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை விளக்குகிறது. அக்கட்டுரை இடம்பெற்ற காம்ப்மியூசிக் ஆய்வுத்திட்டம், பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தின் தலைமையில் 2011 முதல் 2017 வரை நிகழ்ந்தது. அடையாற்றை ஒட்டிய சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அதில் பங்கேற்றது. அத்திட்டத்தின் கர்நாடக இசை ஆய்வுகள் குறியீட்டைக் காட்டிலும் ஒலிப்பதிவுகளையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டமை இங்குக் கருதத்தக்கது.

7. கமகத்தை உள்ளிடுதல்

7.1 பிட்ச் பெண்டும் அதன் எல்லையும்

மிடியில் சுரத்தை அசைக்கும் வழி பிட்ச் பெண்ட் என்னும் கட்டளை. இது 0 முதல் 16383 வரையுள்ள மதிப்புகளைக் கொள்ளும். 8192 நடுநிலை, அதில் சுரம் தன் இடத்தில் நிற்கும். முழு வளைவில் சுரம் எவ்வளவு தொலைவு நகரும் என்பதை எல்லை என்னும் மற்றோர் அமைப்பு முடிவு செய்கிறது. பெரும்பாலான கருவிகளில் இயல்பான எல்லை மேலும் கீழும் இரண்டு அரைச்சுரங்கள்.

தோடியின் சாதாரண காந்தாரத்தைச் சான்றாகக் கொள்ளலாம். சட்ஜத்திலிருந்து 300 சென்டில் குறிக்கப்படும் இச்சுரம், பாடும்போது சுத்த ரிஷபத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் இடையே, அதாவது 100 சென்டுக்கும் 500 சென்டுக்கும் இடையே அசையவல்லது. இயல்பான எல்லை இவ்வசைவுக்குச் சரியாகப் போதும். அதற்கு மேல் இடமில்லை. பஞ்சமத்திலிருந்து மேல் சட்ஜத்துக்குச் செல்லும் ஏற்ற ஜாரு 500 சென்ட் தொலைவு உடையதாதலின் அதில் அடங்காது. எனவே எல்லையைப் பன்னிரண்டு அரைச்சுரங்களாக அமைத்துக்கொள்வது நன்று. அந்நிலையில் ஒரு மதிப்புக்கு ஏறத்தாழ 0.15 சென்ட் நகர்வு கிட்டும்; செவி பிரித்தறியும் அளவைவிட இது மிக நுண்ணியது. தோடிக் காந்தாரத்தின் மேல் எல்லை 8192 + 1365 = 9557 எனவும், கீழ் எல்லை 8192 − 1365 = 6827 எனவும் அமையும்.

இவ்வெல்லை கோப்பினுள் பதியப்படாவிடின் பெரும்பிழை நேரும். பன்னிரண்டு அரைச்சுர எல்லையில் வரைந்த கோப்பை இரண்டு அரைச்சுர எல்லையுள்ள கருவியில் ஒலித்தால், 200 சென்ட் அசைவு 33 சென்டாகச் சுருங்கும். தோடியின் காந்தாரம் சிறு நடுக்கமாகக் கேட்கும். எல்லையைக் கோப்பின் தொடக்கத்திலேயே கட்டளையாகப் பதிவதற்கு மிடியில் வழி உண்டு. அதனைத் தவறாது பயன்படுத்த வேண்டும்.

7.2 அசைவின் வடிவம்

மென்பொருள்கள் தரும் ஆயத்த அலைவடிவம் மேலும் கீழும் ஒரே சீராக ஏறி இறங்கும். கம்பிதம் அவ்வாறு ஒலிப்பதில்லை. அது ஓரிடத்தில் கணநேரம் தங்கி, விரைந்து நகர்ந்து, மற்றோரிடத்தில் தங்கும். தங்கும் நேரமும் நகரும் நேரமும் சமமாக இருப்பதில்லை. எம். சுப்ரமணியன் கணினியைக் கொண்டு கமகங்களையும் குறிப்பாகத் தோடி இராகத்தின் சுரங்களையும் ஆராய்ந்து சங்கீத நாடக அகாதெமியின் இதழில் எழுதிய கட்டுரைகள் இத்துறையில் முன்னோடியானவை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீகுமார் சுப்ரமணியன் மேற்கொண்ட ஆய்வு, கமகத்தைத் தங்குமிடங்களின் வரிசையாகக் கொண்டது. ஒவ்வொரு தங்குமிடத்துக்கும் சுருதி, அதனை அடையும் நேரம், தங்கும் நேரம், விட்டு நீங்கும் நேரம் என நான்கு அளவுகள் தரப்பட்டன.

உள்ளிடுவோருக்கு இதனால் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. நூற்றுக்கணக்கான புள்ளிகளைக் கையால் வரைய வேண்டியதில்லை. அசைவு தங்கும் புள்ளிகளை மட்டும் குறித்து, இடைப்பட்ட நகர்வை வளைகோட்டால் இணைத்தால் போதும். கமகத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் 'இங்கே நின்று, அங்கே தொட்டு வா' என்று சொல்வதும் இம்முறைக்கு ஒத்ததே.

7.3 ஒரு விசையா, பல விசைகளா

வீணையில் ஒரே மீட்டில் தந்தியை இழுத்துச் சில சுரங்களைப் பேசவைக்கலாம். மிடியில் ஒவ்வொரு புதிய விசைக் கட்டளையும் பெரும்பாலான கருவிகளில் புதிய மீட்டாகவே ஒலிக்கும். எனவே 'ப', மேல் 'ச' என்னும் இரண்டு சுரங்களை ஜாருவாக இணைக்க, பஞ்சமத்துக்கு ஒரு விசை மட்டும் இட்டு, வளைவால் சட்ஜத்தை அடைவதே செவிக்கு இயல்பாகும். அவ்வாறு செய்தால் சுரக்குறிப்பில் இரண்டு சுரங்கள் இருக்க, கோப்பில் ஒரு விசை மட்டுமே இருக்கும். இக்கோப்பில் சுரங்களை எண்ணும் ஆய்வாளர் மேல் சட்ஜத்தை எண்ணத் தவறுவார். செவிக்கு நேர்மையான கோப்பு கணக்குக்குத் தவறானதாகவும், கணக்குக்கு நேர்மையான கோப்பு செவிக்குத் தவறானதாகவும் அமையும் முரண் இங்கே தோன்றுகிறது.

பிட்ச் பெண்ட் ஒரு சேனல் முழுவதையும் வளைக்கும் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. சுருதியையோ பக்க சாரணியையோ பாடலோடு ஒரே சேனலில் வைத்தால், காந்தாரம் அசையும்போது ஆதார சட்ஜமும் உடன் அசையும். இவற்றைத் தனிச் சேனலில் வைப்பது இன்றியமையாதது.

7.4 காலமாற்றம்

மென்பொருளில் வேகத்தை இருமடங்காக்கினால் சுரங்களோடு வளைவுகளும் இருமடங்கு விரையும். கச்சேரி வழக்கில் நிகழ்வது வேறு. வர்ணத்தை இரண்டாம் காலத்தில் பாடுபவர் ஒவ்வோர் அசைவையும் இருமடங்கு விரைவாகப் பாடுவதில்லை. அசைவுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, சில கமகங்களை எளிய தொடுகைகளாக மாற்றிவிடுகிறார். ஆதலின் இரண்டாம் காலத்துக்குரிய வளைவுகளைத் தனியே உள்ளிட வேண்டும். முதற்காலக் கோப்பை விரைவுபடுத்திப் பெறுவது பாடாந்தரத்தில் இல்லாத ஒன்றையே ஒலிக்கச் செய்யும்.

8. மாற்று வழிகள்

சுரத்தோடு கமகத்தையும் தட்டச்சு செய்து ஒலிக்கவைக்கும் முயற்சி சென்னையில் தனியே நடைபெற்றுள்ளது. மேற்சுட்டிய எம். சுப்ரமணியன் உருவாக்கிய 'காயகா' என்னும் மென்பொருள், கர்நாடக இசையின் சுரக்குறிப்பையே உள்ளீடாகக் கொண்டு கமகத்தோடு ஒலிப்பது. விசைப்பலகையிலிருந்து தொடங்காமல் சுரக்குறிப்பிலிருந்து தொடங்கியது இதன் சிறப்பு. பிரதர்சினி வகுத்த நெறியின் கணினித் தொடர்ச்சியாக இதனைக் கருதலாம்.

கருவி அமைப்பிலும் மாற்றம் நிகழ்ந்துள்ளது. விரல் வழுக்கிச் செல்லும் பரப்பைக் கொண்ட கன்டினியூவம் என்னும் கருவியை ஏ.ஆர். ரகுமான் 'டெல்லி 6' (2009) திரைப்படத்தின் 'ரெஹனா தூ' பாடலில் பயன்படுத்தினார். இத்தகைய கருவிகளில் வளைவைப் பின்னர் வரைய வேண்டியதில்லை. வாசிப்பிலேயே அது பதிவாகும். ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் தந்து தனித்தனியே வளைக்கும் எம்.பி.இ. முறை 2018இல் தரமாக ஏற்கப்பட்டது. 2020இல் வெளியான மிடி 2.0, சேனலைப் பிரிக்காமலே ஒவ்வொரு சுரத்தையும் தனியே வளைக்க இடம் தருகிறது. இவை பக்க சாரணிச் சிக்கலைத் தீர்க்கின்றன. ஒரு வளைவு எத்தனை சுரங்களைக் குறிக்கிறது என்னும் வினாவுக்கு இவற்றிலும் விடை இல்லை. அது இசை மரபை அறிந்தவர் எழுதித் தர வேண்டிய விடையாகும்.

9. ஆய்வுக் கோப்புக்கான நான்கு அடுக்குகள்

மேற்கண்ட விளக்கங்களின் அடிப்படையில், ஆவணமாகவும் ஆய்வுத் தரவாகவும் உருவாக்கப்படும் மிடிக் கோப்பில் பின்வரும் நான்கு அடுக்குகள் இடம்பெறுதல் வேண்டும்.

முதல் அடுக்கு, தலைப்புக் குறிப்பு. இராகம், தாளம், எடுப்பு, ஆதார சுருதிக்குரிய விசை எண், பாடாந்தரம், உள்ளீட்டுக்கு ஆதாரமான நூல் அல்லது ஒலிப்பதிவு ஆகியவை இதில் அடங்கும்.

இரண்டாம் அடுக்கு, சுர எழுத்துகள். பாடல் வரிகளை இடுவதற்கென மிடிக் கோப்பில் உள்ள வசதியைக் கொண்டு ச, ரி, க, ம என்னும் எழுத்துகளை அவ்வவற்றின் காலத்தில் இடலாம். ஒரே விசையில் வளைவால் இரண்டு சுரங்கள் ஒலிக்குமிடத்தும் இரண்டு எழுத்துகளும் இடம்பெறும். 7.3இல் சுட்டிய முரண் இதனால் நீங்கும். தமிழ் எழுத்துகளை எல்லா மென்பொருள்களும் ஒருபடித்தாகப் படிப்பதில்லை ஆதலின், சுர எழுத்துகளைத் தனி உரைக் கோப்பாகவும் உடன் வைத்தல் நலம்.

மூன்றாம் அடுக்கு, விசை எண்ணும் காலமும். குவாண்டைஸ் செய்யப்பட்டதா, இல்லையா என்பதும் இங்குக் குறிக்கப்பட வேண்டும்.

நான்காம் அடுக்கு, கமக வளைவு. பிட்ச் பெண்ட் எல்லை கோப்பின் தொடக்கத்தில் பதியப்பட வேண்டும். வளைவு ஒலிப்பதிவிலிருந்து அளந்து பெறப்பட்டதா, உள்ளிட்டவர் தம் பயிற்சியால் வரைந்ததா என்பதையும் வேறுபடுத்திக் காட்ட வேண்டும். கமகம் பதியப்படாத கோப்பாயின், 'கமகம் இல்லை. பயிற்சிக்கான சுர வரிசை மட்டும்' என்று வெளிப்படையாக எழுதுதல் வேண்டும். அத்தகைய கோப்புக்கும் பயன் உண்டு. தாளக் கணக்கையும் சுர வரிசையையும் கற்பிக்க அது போதும். இராகத்தின் சான்றாக அதனைக் கொள்வதே தவறாகும்.

10. முடிவுரை

சின்னசாமி முதலியாரின் கோட்டுக் குறிமுறையும் சுப்பராம தீட்சிதரின் கமகக் குறியீடுகளும் நேர்வழிப் பாடத்தின் துணையை எதிர்நோக்கியவை. குறிப்பைப் படிப்பவர் இராகத்தை முன்னரே கேட்டவர் என்னும் நம்பிக்கையில், எழுதப்படாததை அவர் நிறைவு செய்துகொள்வார் என விடப்பட்டது. கணினி அவ்வாறு நிறைவு செய்வதில்லை; எழுதியதை மட்டுமே ஒலிக்கிறது. மிடிக் கோப்பைக் கேட்டு முதன்முதலாக ஓர் இராகத்தை அறியும் மாணவருக்கும், கோப்புகளிலிருந்து இராகங்களைக் கற்கும் கணினி நிரலுக்கும் எழுதப்படாதது இல்லாததாகவே ஆகிவிடும்.

ஆதலின் மிடி உள்ளீட்டைத் தொழில்நுட்பப் பணி என்று மட்டும் கருதாமல், சுரக்குறிப்பு எழுதும் மரபின் ஒரு பகுதியாகக் கருதுதல் வேண்டும். சுரத்தையும் கமகத்தையும் தனித்தனி அடுக்குகளில் எழுதும் நெறியை 1904ஆம் ஆண்டின் நூல் வகுத்துத் தந்துள்ளது. அந்நூலின் கமகக் குறியீடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒலிப்பதிவுகளிலிருந்து அளந்த வளைவு மாதிரிகளைத் தொகுத்தளிப்பது, இசைத்தமிழ்த் துறையும் கணினித் துறையும் இணைந்து மேற்கொள்ளத்தக்க அடுத்த ஆய்வாகும். அதற்குரிய நூல்களும் ஒலிப்பதிவுகளும் கலைஞர்களும் ஆய்வு நிறுவனங்களும் ஒருங்கே அமைந்த இடம் சென்னை.